பார்ட்டை மாற்றுவதற்கு முன்: அது எந்தெந்த அசெம்பிளியில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது. கஞ்சிக்கோட்டில் அரிசி ஆலைகளுக்கு ஸ்க்ரூ கன்வேயரும் பக்கெட் எலிவேட்டரும் செய்யும் யூனிட். டிசைன் வேலை வாளயாருக்கு இந்தப் பக்கம், கே.ஜி. சாவடியில். மூன்று பேர், மூன்று சாலிட்வொர்க்ஸ் (கம்ப்யூட்டரில் மெஷின் வரையும் கேட், அதாவது CAD, சாஃப்ட்வேர்), பொதுவாக ஒரு சர்வர் ஃபோல்டர், நாலாயிரத்துச் சொச்சம் ஃபைல். கொழிஞ்சாம்பாறை ஆலை ஒன்றின் ஆர்டருக்காக டிரைவ் ஷாஃப்டை 40 மி.மீ.-லிருந்து 45 ஆக்கியிருக்கிறார்கள். அதே ஷாஃப்ட் பழைய மாடல் கன்வேயரிலும் இருந்தது. அடுத்து வந்த பழைய மாடல் ஆர்டருக்கு டிராயிங் பிரிண்ட் எடுத்தபோது 45 என்றே வந்தது. கணபதிப் பக்கத்து லேத் பட்டறை அப்படியே இரண்டு ஷாஃப்ட் கடைந்து கொடுத்துவிட்டது. பெயரிங் ஸ்டாண்டு பிளேட்டோ 40-க்கு உரிய துளையோடு தயாராக இருக்கிறது. ஒரு பார்ட் எங்கெங்கே பயன்படுகிறது என்று புதிய சாஃப்ட்வேர் வாங்காமல் பார்க்க முடியுமா, நம்பரை எப்போது மாற்ற வேண்டும், கடைந்து வந்த ஷாஃப்டை என்ன செய்வது என்று மூன்று கேள்வி.

முதலில் அடிப்படை. பார்ட் ஃபைல் என்பது ஒரு தனிப் பாகம்; அசெம்பிளி ஃபைல் என்பது பாகங்களைச் சேர்த்து மாட்டிய தொகுப்பு. பார்ட் ஃபைலுக்குத் தன்னை யார் பயன்படுத்துகிறார்கள் என்பது தெரியாது. அசெம்பிளி ஃபைல்தான் ஒவ்வொரு பார்ட்டின் பெயர், இருக்கும் ஃபோல்டர், எந்தக் கான்ஃபிகரேஷன் (ஒரே ஃபைலுக்குள் இருக்கும் வேறு அளவு, வேறு வடிவம்), எந்த மேட்டில் (இரண்டு பாகங்களைப் பொருத்தும் இணைப்பில்) எதோடு ஒட்டியிருக்கிறது என்பதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்கிறது. ஷாஃப்ட் ஃபைலைத் திறந்து ஃபைல் மெனுவில் ஃபைண்ட் ரெஃபரன்ஸஸ் கொடுத்தால் ஒன்றும் வராததற்கு இதுதான் காரணம். அந்தக் கட்டளை கீழ்நோக்கி மட்டுமே பார்க்கும். நமக்கு வேண்டியது மேல்நோக்கிய பார்வை. மேல்நோக்கிப் பார்க்க ஒரே வழி, இருக்கிற எல்லா அசெம்பிளியையும் படித்து, 'இதற்குள் இது' என்று பட்டியல் போட்டு, பட்டியலைத் திருப்பிப் போடுவது. எத்தனை லட்சம் கொடுத்து வாங்கும் பிடிஎம் (டிசைன் ஃபைல்களை நிர்வகிக்கும் சாஃப்ட்வேர்) ஆனாலும் உள்ளே செய்வது இதைத்தான். ஒவ்வொரு முறை செக்-இன் செய்யும்போதும் (வேலை முடிந்து ஃபைலைத் திரும்ப ஒப்படைக்கும்போதும்) தானாகச் செய்துவிடுகிறது என்பது மட்டும் வித்தியாசம்.

'எங்கே பயன்படுகிறது' என்ற ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. எந்த ஃபைல் இந்த ஃபைலைச் சுட்டுகிறது என்பது ஒன்று. எந்த மெஷினின் பில் ஆஃப் மெட்டீரியலில் (பாகங்களின் பட்டியலில்) இது எத்தனை எண்ணிக்கையில் வருகிறது என்பது இன்னொன்று. ஏற்கெனவே ஆலையில் ஓடிக்கொண்டிருக்கும் எந்த மெஷினுக்குள் இது இருக்கிறது என்பது மூன்றாவது. முதலாவதற்கு மட்டும்தான் கேட் ஃபைல்கள் முழுப் பதில் சொல்லும். இரண்டாவதற்குப் பாதிப் பதில். மூன்றாவதற்கு அவற்றில் பதிலே கிடையாது. 45 ஷாஃப்ட் பிரச்சினை முதல் கேள்வியில் தொடங்கியது. ஆனால் மூன்றையும் கேட்டிருந்தால்தான் முழுதாகத் தடுத்திருக்க முடியும்.

பட்டியல் போடும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருக்கக் கூடாது. பார்க்கச் சின்ன விஷயம். பெரும்பாலான குளறுபடிக்கு வேர் இதுதான். சாலிட்வொர்க்ஸ் ஒரு அசெம்பிளியைத் திறக்கும்போது, பார்ட்டை அது கடைசியாகச் சேமித்த ஃபோல்டரில் முதலில் தேடுவதில்லை. அதே பெயரில் ஒரு ஃபைல் ஏற்கெனவே திறந்து மெமரியில் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் சிஸ்டம் ஆப்ஷன்ஸில் ஃபைல் லொக்கேஷன்ஸ், ரெஃபரன்ஸ்டு டாக்குமெண்ட்ஸ் என்று கொடுத்திருக்கும் ஃபோல்டர்களைப் பார்க்கும். அதற்கும் பிறகுதான், கடைசியாகச் சேமித்தபோது இருந்த இடத்துக்கு வரும்.

இதனால் என்ன ஆகும் என்று பாருங்கள். 'டிரைவ் ஷாஃப்ட்' என்ற பெயரில் பழைய மாடல் ஃபோல்டரில் ஒன்று, புது ஆர்டர் ஃபோல்டரில் ஒன்று இருக்கிறது. காலையில் புது ஷாஃப்டைத் திறந்து வேலை பார்த்தவர், அதை மூடாமலே பழைய கன்வேயர் அசெம்பிளியைத் திறக்கிறார். புது ஷாஃப்ட் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு எச்சரிக்கைப் பெட்டி வரலாம். அவசரத்தில் ஓகே அழுத்திவிடுவார்கள். மேட் எல்லாம் முகத்தின் அடையாளத்தை வைத்துப் பிடிப்பதால், பழையதிலிருந்து நகல் எடுத்த ஃபைலாக இருந்தால் ஒரு மேட் எரர்கூட வராது. பிறகு சேவ் கொடுத்தால் முடிந்தது. பழைய அசெம்பிளி நிரந்தரமாகப் புது ஃபோல்டரைச் சுட்டத் தொடங்கிவிடும். ஷாஃப்டை யாரும் தவறாக மாற்றவில்லை. ஆனாலும் பழைய மாடலில் அது மாறிவிட்டது.

ஆகவே ஃபைல் பெயர் என்பது பார்ட் நம்பர் மட்டுமே. 'டிரைவ் ஷாஃப்ட் நியூ', 'டிரைவ் ஷாஃப்ட் ஃபைனல் 2' எல்லாம் வேண்டாம். விளக்கம், மெட்டீரியல், எடை, எந்த மாடல் என்பவை கஸ்டம் பிராப்பர்ட்டியில் போகட்டும். நம்பரும் வெறும் இலக்கமாக, ஆறு இலக்கத்துக்குள் இருப்பது உங்கள் ஊருக்கு மிகவும் நல்லது. சாவடியில் இருப்பவர் தமிழில் சொல்ல, கஞ்சிக்கோட்டு ஃபோர்மேன் மலையாளத்தில் திருப்பிச் சொல்ல, லேத் பட்டறைக்காரர் அதைச் சாக்பீஸால் ராடின் மேல் எழுதும் இடம் அது. ஃபோனில் ஆங்கில எழுத்துகளில் பாதி ஒன்றுபோலக் கேட்கும். எண்ணில் அந்தத் தொல்லை குறைவு. நம்பருக்குள்ளேயே விட்டம், நீளம் என்று அர்த்தத்தைத் திணிக்கவும் வேண்டாம். விட்டம் மாறும் நாளில் நம்பர் பொய் சொல்லும்.

பெயர் மாற்றும் வேலையை விண்டோஸில் நேரடியாகச் செய்யாதீர்கள். எஃப்2 அழுத்திப் பெயரை மாற்றினால் அதைச் சுட்டும் அசெம்பிளி எல்லாம் அநாதையாகிவிடும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்தால் வரும் சாலிட்வொர்க்ஸ் மெனுவிலிருந்து ரீநேம் கொடுங்கள்; அதைப் பயன்படுத்தும் ஃபைல்களைத் தேடி அவற்றிலும் பெயரை மாற்றும் வசதி அதில் உண்டு. தேடல் நீங்கள் காட்டும் ஃபோல்டருக்குள் மட்டும்தான் நடக்கும். இன்னொருவருடைய டெஸ்க்டாப்பில் கிடக்கும் அசெம்பிளி அதன் கண்ணில் படாது. அதனால் பெயர் மாற்றும் நாளில் மூன்று கம்ப்யூட்டரிலும் சாலிட்வொர்க்ஸை மூடி, லோக்கலில் இருப்பதை எல்லாம் சர்வருக்குக் கொண்டுவந்த பிறகே தொடங்குங்கள். அதற்கு முன் முழு ஃபோல்டருக்கும் ஒரு நகல். அந்த நகலை சர்வரில் வைக்காமல் வெளி டிஸ்க்கில் வையுங்கள். நகல் சர்வரிலேயே இருந்தால் இரட்டைப் பெயர்ப் பிரச்சினையை நாமே இரண்டு மடங்காக்கிக் கொள்வோம்.

இனி பட்டியல். சாலிட்வொர்க்ஸின் புரோகிராம் கட்டளைகளில் 'கெட் டாக்குமெண்ட் டிபெண்டென்சீஸ் 2' என்று ஒன்று இருக்கிறது. ஒரு ஃபைலின் பாதையைக் கொடுத்தால், அதைத் திறக்காமலேயே அது சுட்டும் ஃபைல்களின் பெயரையும் பாதையையும் கொடுத்துவிடும். எக்செலிலிருந்தே மேக்ரோ எழுதி இதை ஓட்டலாம். திறக்காமல் படிப்பதால் நாலாயிரம் ஃபைல் என்பது ஒரு சுமையே இல்லை. இரவில் ஓட விட்டுப் போனால் காலையில் புதிய பட்டியல் தயார். இந்தக் கட்டளைக்கு இரண்டு முக்கியமான தேர்வுகள் கொடுக்க வேண்டும். இரண்டிலும் பலர் சறுக்குகிறார்கள்.

முதல் தேர்வு, நேரடிப் பிள்ளைகள் மட்டுமா, பேரன் பேத்தி வரை எல்லாமா என்பது. நேரடிப் பிள்ளைகள் மட்டும் என்றே கொடுங்கள். எல்லாவற்றையும் கேட்டால், முழு பிளாண்ட் அசெம்பிளியின் கீழ் ஒவ்வொரு நட்டும் வந்து நிற்கும். எது எதற்குள் நேராக இருக்கிறது என்பது மறைந்துபோகும். நேரடி உறவை மட்டும் சேர்த்து வைத்துக்கொண்டால், மேலே ஏறுவதை எக்செலே செய்துவிடும்.

இரண்டாவது தேர்வு, மேலே சொன்ன தேடல் விதிப்படி கண்டுபிடித்த பாதை வேண்டுமா, அல்லது அசெம்பிளிக்குள் கடைசியாகச் சேமித்திருக்கும் பாதையே வேண்டுமா என்பது. இரண்டு விதமாகவும் ஓட்டி இரண்டு பத்தியில் போடுங்கள். எந்த வரியில் இரண்டு பாதையும் வேறுபடுகிறதோ, அந்த அசெம்பிளி திறக்கும்போது தவறான பார்ட்டை இழுக்கக்கூடும் என்று அர்த்தம். நாலாயிரம் ஃபைலில் கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாத கோளாறு இந்த ஒரு ஒப்பீட்டில் சிக்கிவிடும்.

பத்திகள் இவை போதும்: தாய் ஃபைல், தாய் ஃபைல் கடைசியாகச் சேமித்த தேதி, பிள்ளை ஃபைல், சேமித்த பாதை, தேடிக் கிடைத்த பாதை. டிராயிங் ஃபைல்களையும் தாய்ப் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பார்ட்டை மாற்றினால் எந்த டிராயிங்கை மறுபடி பிரிண்ட் எடுக்க வேண்டும் என்பது அதிலிருந்துதான் தெரியும். ~$ என்று தொடங்கும் தற்காலிக ஃபைல்களைத் தவிர்த்துவிடுங்கள். யாராவது திறந்து வைத்திருக்கும் ஃபைலின் நிழல் அது. பிள்ளைப் பத்தியைப் பெயர் வாரியாக அடுக்கினால், ஒரே பெயர் இரண்டு பாதையில் வருவது முதல் பார்வையிலேயே தெரியும். முதல் வாரத்து வேலை அதைத் தீர்ப்பதுதான்.

இப்போது ஷாஃப்டை இந்தப் பட்டியலில் ஏற்றிப் பார்க்கலாம். ஷாஃப்ட் 310412 என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைப் பத்தியில் 310412 என்று வடிகட்டினால் தாயாக மூன்று வரி வருகிறது: டிரைவ் எண்ட் சப்-அசெம்பிளி 320118, ஸ்பேர் கிட் 390007, ஷாஃப்டின் சொந்த டிராயிங். அங்கே நிற்கக் கூடாது. 320118-ஐப் பிள்ளையாக வடிகட்டுங்கள்: 3 மீட்டர் கன்வேயர், 4.5 மீட்டர், 6 மீட்டர், கூடவே பழைய ஜாப் ஃபோல்டர் ஒன்றில் யாரோ நகல் எடுத்து வைத்த 6 மீட்டர். இன்னொரு படி ஏறினால் பிளாண்ட் லேஅவுட்கள் வரும். தாய் வரியே இல்லாத ஃபைலை அடையும் வரை ஏற வேண்டும். அப்படி உச்சியில் நிற்பவை மட்டுமே விற்கிற பொருள். நடுவில் வருபவை எல்லாம் படிக்கட்டு. 'இந்த ஷாஃப்ட் 320118-இல் மட்டும்தான் இருக்கிறது' என்று முதல் படியிலேயே நின்று தைரியமாக மாற்றுவது, உங்களுக்கு நேர்ந்த விபத்தின் மிகச் சாதாரண வடிவம்.

இந்தப் பட்டியலின் எல்லைகளையும் தெரிந்து வையுங்கள். ஃபைல் அளவில் மட்டும்தான் இது பேசும். ஒரு அசெம்பிளியில் பத்து கான்ஃபிகரேஷன் இருந்து, ஒன்பதில் சப்ரஸ் செய்திருந்தாலும் (அணைத்து வைத்திருந்தாலும்) 'பயன்படுகிறது' என்றே வரும். அது பரவாயில்லை, தேவையில்லாமல் ஒரு அசெம்பிளியைத் திறந்து பார்த்ததால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆபத்து எதிர்ப்பக்கம் இருக்கிறது: வர வேண்டியது வராமல் போவது. அசெம்பிளிக்குள்ளேயே சேமித்த வர்ச்சுவல் பார்ட் தனி ஃபைலாக இல்லாததால் தேடினால் கிடைக்காது; டிரீயில் (திரையின் ஓரத்தில் வரும் பாகங்களின் வரிசையில்) சதுர அடைப்புக்குறிக்குள் பெயர் இருந்தால் அது வர்ச்சுவல். இரண்டு மெஷினுக்குப் பொதுவாகும் நிமிடமே அதைத் தனி ஃபைலாக வெளியே சேமித்து நம்பர் கொடுத்துவிட வேண்டும். கோவையில் லேசர் கட்டிங்குக்கு அனுப்பிய டிஎக்ஸ்எஃப் ஃபைலுக்கு மாடலோடு எந்தத் தொடர்பும் கிடையாது. பார்ட் நம்பரும் ரிவிஷனும் (எத்தனையாவது திருத்தம் என்பதும்) அதன் பெயரிலேயே இருந்தால்தான் தேடிப் பிடிக்க முடியும்.

சாலிட்வொர்க்ஸோடு வரும் போல்ட், நட் தொகுப்பான டூல்பாக்ஸின் போல்ட்டுக்குத் தனி எச்சரிக்கை. இன்ஸ்டால் செய்த நிலையில் ஒரு ஹெக்ஸ் போல்ட் ஃபைலுக்குள்ளேயே எல்லா அளவும் கான்ஃபிகரேஷனாகக் குவிந்திருக்கும். எம்14 போல்ட் எங்கே இருக்கிறது என்று தேடினால் எல்லா மெஷினும் வரும், பயனே இல்லை. இன்னொரு கம்ப்யூட்டரில் திறக்கும்போது அந்தக் கான்ஃபிகரேஷன் அங்கே இல்லாவிட்டால், போல்ட் கன்வேயரை விடப் பெரிதாக வந்து நிற்பதும் இதனால்தான். டூல்பாக்ஸ் செட்டிங்கில் கான்ஃபிகரேஷன் உருவாக்குவதற்குப் பதிலாகத் தனிப் பார்ட் ஃபைல் உருவாக்கு என்று மாற்றி, அந்த ஃபோல்டரையும் சர்வரில் வைத்து மூன்று பேரும் அதையே சுட்டும்படி செய்யுங்கள். இதைவிட நல்லது, நீங்கள் நிஜமாகவே வாங்கும் எம்8, எம்10, எம்12, எம்14, எம்16 நீளங்களுக்கு மட்டும் தனித்தனி ஃபைல் செய்து நம்பர் கொடுத்துவிடுவது. ஸ்டோரில் இல்லாத போல்ட்டை யாரும் டிசைனில் போட முடியாது என்ற கூடுதல் நன்மையும் உண்டு.

இன்-கான்டெக்ஸ்ட் உறவு இன்னும் நுணுக்கமானது. ஸ்டாண்டு பிளேட்டின் துளையை அசெம்பிளிக்குள் நின்று பெயரிங்கின் துளையைப் பார்த்து வரைந்திருந்தால், பெயரிங் மாறும்போது பிளேட்டும் தானாக மாறும். சௌகரியம்தான். ஆனால் அந்தப் பிளேட் இன்னொரு மெஷினிலும் இருந்தால் அங்கேயும் மாறிவிடும். டிரீயில் பார்ட் பெயருக்குப் பக்கத்தில் அம்புக்குறி தெரிந்தால் வெளி உறவு இருக்கிறது என்று அர்த்தம். அம்புக்கு அடுத்துக் கேள்விக்குறி என்றால், அது சுட்டும் ஃபைல் இப்போது திறந்த நிலையில் இல்லை. நட்சத்திரம் என்றால் பூட்டியிருக்கிறது. பெருக்கல் குறி என்றால் துண்டித்தாயிற்று. டிசைன் முடியும் வரை திறந்திருக்கலாம். டிராயிங் பட்டறைக்குப் போகும் நாளில் எக்ஸ்டர்னல் ரெஃபரன்ஸஸ் பெட்டிக்குப் போய் எல்லாவற்றையும் பூட்டுங்கள். இரண்டு மெஷினுக்குப் பொதுவான எந்தப் பார்ட்டிலும் இன்-கான்டெக்ஸ்ட் உறவு இருக்கவே கூடாது.

எண்ணிக்கைக்கு வருவோம். மேலே சொன்ன பட்டியல் 'இருக்கிறது, இல்லை' என்று சொல்லும்; எத்தனை என்று சொல்லாது. அதற்கு உச்சி அசெம்பிளியில் பில் ஆஃப் மெட்டீரியல் போட வேண்டும். இண்டென்டட் வகை படிப்படியாகக் காட்டும். பார்ட்ஸ் ஒன்லி வகை எல்லாவற்றையும் கூட்டி ஒரே வரியாக்கும். வாங்குவதற்கு இரண்டாவது, மாற்றத்தை ஆராய்வதற்கு முதலாவது. ஒரு கன்வேயருக்கு இரண்டு பிளம்மர் பிளாக் (பெயரிங்கைத் தாங்கும் கூடு), ஒவ்வொன்றுக்கும் இரண்டு எம்14 போல்ட், ஆக 4. ஐந்து கன்வேயர் உள்ள பிளாண்டுக்கு 20. மூன்று எலிவேட்டரின் ஹெட்டிலும் அதே அளவு பெயரிங் என்று வைத்துக்கொண்டால் இன்னும் 12, மொத்தம் 32. எலிவேட்டரின் அடிப்பகுதியில் (boot) டேக்-அப் பெயரிங் (இழுவையைச் சரிசெய்ய நகரும் பெயரிங்) வருவதால் அங்கே இந்தப் போல்ட் கிடையாது. கையால் போட்ட இந்தக் கணக்கும் பில்லும் ஒத்துப்போகவில்லை என்றால், பார்க்க வேண்டியவை இரண்டு: யாராவது அந்தப் போல்ட்டுக்கு 'பில்லில் சேர்க்காதே' என்ற டிக் போட்டிருப்பார்கள், அல்லது சப்-அசெம்பிளியின் கான்ஃபிகரேஷனில் பிள்ளைகளை மறைக்கும்படி தேர்வு செய்திருப்பார்கள். கிரீஸ், கேஸ்கெட் ஷீட், பெயிண்ட் போல வடிவம் வரையாத பொருள்களுக்கு, உள்ளே ஒன்றுமே வரையாத வெற்றுப் பார்ட் ஃபைல் ஒன்று செய்து நம்பரும் விளக்கமும் கொடுத்து அசெம்பிளியில் போட்டுவிடுங்கள். பில்லிலும் வரும், தேடலிலும் கிடைக்கும்.

நம்பரை எப்போது மாற்றுவது? விதி ஒன்றுதான், அதில் சமரசம் வேண்டாம். புதிய பார்ட்டை எடுத்துப் பழைய மெஷினில் அப்படியே மாட்ட முடியுமா, பழையதைப் புது மெஷினில் மாட்ட முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் ரிவிஷனை மட்டும் ஏற்றுங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் புது நம்பர். உங்கள் ஷாஃப்டை இதில் வைத்துப் பாருங்கள். 40 மி.மீ. ஷாஃப்டுக்கு யூசிபி 208 என்ற பிளம்மர் பிளாக் பெயரிங், 45-க்கு யூசிபி 209. பிளாக்கின் அடிப்பரப்பிலிருந்து ஷாஃப்ட் மையத்தின் உயரம் 208-இல் 49.2 மி.மீ., 209-இல் 54. அதாவது மையம் 4.8 மி.மீ. மேலே போகிறது. போல்ட் துளைகளின் இடைவெளி 137-லிருந்து 146 ஆகிறது. ஷாஃப்டையும் ஸ்ப்ராக்கெட்டையும் பிணைக்கும் கீ 12×8-லிருந்து 14×9 ஆகிறது. அப்படியானால் ஸ்ப்ராக்கெட்டின் துளையும் கீவேயும் (கீ உட்காரும் பள்ளமும்) மாற வேண்டும். எண்ட் பிளேட்டில் ஷாஃப்ட் நுழையும் துளை, அங்கே இருக்கும் சீல், ஸ்டாண்டு பிளேட், செயின் கார்டு வரை எல்லாம் தொடர்கிறது. ரிவிஷனாகப் போயிருக்கவே கூடாத மாற்றம் இது. 310412 என்றைக்கும் 40 மி.மீ. ஷாஃப்டாகவே இருக்க வேண்டும். 45-க்கு 310977 என்று புதிதாக ஒன்று.

எங்கே பயன்படுகிறது என்ற தேடல் 'ஷாஃப்டைச் சுட்டுபவை' என்ற பட்டியலைத் தருமே தவிர, 'ஷாஃப்ட் மாறினால் பாதிக்கப்படுபவை' என்ற பட்டியலைத் தராது. ஸ்டாண்டு பிளேட் ஷாஃப்டைச் சுட்டவில்லை. பெயரிங் வழியாகத்தான் தொடர்பு. அதனால் ஒவ்வொரு தாய் அசெம்பிளியையும் திறந்து, ஷாஃப்டைத் தேர்ந்து வியூ மேட்ஸ் கொடுத்து, எதோடெல்லாம் மேட் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். அவற்றின் மேட்டையும் பாருங்கள். இரண்டு வளையம் போனால் போதும், தொடும் பார்ட் எல்லாம் வெளியே வந்துவிடும். பிறகு பட்டியலின் ஒவ்வொரு தாய்க்கும் எதிரே எழுத்தில் ஒரு முடிவு வேண்டும்: புதியதற்கு மாறுகிறது, பழையதிலேயே நிற்கிறது, அல்லது இனி அந்த மாடலே செய்வதில்லை. முடிவு எழுதாத வரி ஒன்று இருந்தாலும் டிராயிங் வெளியே போகக் கூடாது.

புது நம்பர் உருவாக்கும் முறையிலும் ஒரு கண்ணி உண்டு. அசெம்பிளி திறந்திருக்கும்போது பார்ட்டில் வெறும் சேவ் ஆஸ் கொடுத்தால், திறந்திருக்கும் அசெம்பிளி புது ஃபைலுக்கு மாறிவிடும். அதை நீங்கள் விரும்பாத நாளில்தான் அது நடக்கும். எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பார்ட்டை மட்டும் திறந்து, சேவ் ஆஸ் பெட்டியில் நகலாகச் சேமித்து அதைத் திறக்கும் தேர்வைக் கொடுங்கள். டிராயிங்கையும் நகல் எடுத்து, ஃபைல் ஓபன் பெட்டியில் இருக்கும் ரெஃபரன்ஸஸ் பொத்தான் வழியாகப் புது பார்ட்டை நோக்கித் திருப்புங்கள். கடைசியாக, மாற வேண்டிய அசெம்பிளிகளில் மட்டும் ரீப்ளேஸ் காம்போனென்ட்ஸ். பழையதிலிருந்து நகல் எடுத்த பார்ட் என்பதால் மேட்டுகள் பெரும்பாலும் தாமாகவே ஒட்டிக்கொள்ளும்.

புதிய சாஃப்ட்வேர் வாங்க வேண்டாம் என்றீர்கள். வாங்கும் முன் உங்கள் லைசென்ஸைப் பாருங்கள். சாலிட்வொர்க்ஸ் புரொஃபெஷனல் அல்லது பிரீமியம் என்றால் பிடிஎம் ஸ்டாண்டர்ட் அதோடு சேர்ந்தே வருகிறது. பல யூனிட்டுகளில் இன்ஸ்டால் செய்யாமலே கிடக்கிறது. எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற டேட்டாபேஸில் ஓடும். அதற்குத் தனிக் காசு இல்லை. இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் ஒரு நல்ல கம்ப்யூட்டரும் யூபிஎஸ்ஸும் போதும். ஃபைலைத் தேர்ந்தால் 'கன்டெய்ன்ஸ்', 'வேர் யூஸ்டு' என்று இரண்டு தாவல். இவ்வளவு நேரம் பேசிய பட்டியல் எண்ணிக்கையோடு அங்கேயே இருக்கும். ஒரே பெயரில் இரண்டு ஃபைல் நுழையாதபடி தடுக்கும் தேர்வை முதல் நாளே போட்டுவிடுங்கள். ஆனால் இரட்டைப் பெயர்களைச் சுத்தம் செய்யாமல் நாலாயிரம் ஃபைலையும் உள்ளே கொட்டினால், குழப்பம் அப்படியே நிரந்தரமாகும். எக்செல் பட்டியலை முதலில் செய்யச் சொல்வது இதற்காகவும்தான். வேர் யூஸ்டு பார்க்கும்போது எந்த வெர்ஷன் என்பதைக் கவனியுங்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய வெர்ஷனில் இருந்து பிறகு எடுத்துவிட்டதும் வரக்கூடும்.

மற்ற சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்களுக்கு: இன்வென்டரோடு வால்ட் பேசிக் வருகிறது, அதிலும் வேர் யூஸ்டு உண்டு, புராஜெக்ட் ஃபைலில் ஃபைல் பெயர் தனித்துவமானது என்ற தேர்வையும் போட்டுவைக்க வேண்டும். சாலிட் எட்ஜில் டிசைன் மேனேஜர். ஃப்ரீகேட் ஃபைல் ஒரு ஜிப்தான். பிரித்தால் உள்ளே இருக்கும் எக்ஸ்எம்எல்லில் வெளி ஃபைல்களின் பெயர் அப்படியே எழுத்தாக இருக்கும், சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று போதும்.

'எங்கே பயன்படுகிறது' என்பதற்குள் இருந்த மூன்றாவது கேள்வி, வெளியே போன மெஷின்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் சீரியல் நம்பர் குத்துங்கள். லாரி ஏறும் நாளில் அந்த மெஷினின் இண்டென்டட் பில்லை எக்செலாகவும் டிராயிங்குகளைப் பிடிஎஃப்பாகவும் சீரியல் நம்பர் ஃபோல்டரில் போட்டுப் பூட்டிவிடுங்கள். ஆலையில் ஃபிட்டர் ஏதாவது மாற்றி மாட்டியிருந்தால் அதே பில்லில் கையால் எழுதிய தாளையும் ஸ்கேன் செய்து சேருங்கள். மூன்று வருடம் கழித்து ஆலைக்காரர் ஷாஃப்ட் உடைந்துவிட்டது என்று கூப்பிடும்போது, இன்றைய கேட் ஃபைலில் பதில் தேடக் கூடாது. அது இன்றைய மெஷினுடைய பதில்.

பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கும் பழைய பிரிண்டும் ஒரு 'பயன்பாடு'தான். எந்த டிராயிங்கின் எந்த ரிவிஷன் எந்தப் பட்டறைக்கு எந்தத் தேதியில் போனது என்று ஒரு நோட்டு வேண்டும். உங்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. கஞ்சிக்கோட்டிலிருந்து கோவைக்கு ஜாப் ஒர்க்குக்கு ராடு போவது மாநிலம் தாண்டிப் போவதால், மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஈ-வே பில் வேண்டும். சலான் இல்லாமல் நகராது. எப்படியும் எழுதப்போகும் அந்தச் சலானில் 'எம்எஸ் ராடு 2 எண்ணம்' என்பதோடு நிறுத்தாமல் பார்ட் நம்பரையும் ரிவிஷனையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எந்தப் பட்டறையில் எந்த ரிவிஷன் நிற்கிறது என்பதற்கு அதுவே பதிவேடு.

கடைசியாக அந்த இரண்டு ஷாஃப்ட். கீவே இன்னும் வெட்டவில்லை என்றால் கவலையில்லை; ஸ்ப்ராக்கெட் முனையிலிருந்து, பழைய டிராயிங்கில் 40 என்று இருக்கும் இடம் முழுவதையும் 40-க்குக் கடைந்து, 12 மி.மீ. கீவே வெட்டி, 310412 என்றே பழைய மாடலில் போடலாம். பெயரிங் உட்காரும் இடத்தை மட்டும் 40 ஆக்கி வெளிமுனையை 45-லேயே விட்டால், பெயரிங் அந்த முனை வழியாக ஏறாது. 14 மி.மீ. கீவே ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது என்றால் கடையாதீர்கள். 45 ஷாஃப்டில் அதன் ஆழம் 5.5 மி.மீ.; ஆரத்தில் 2.5 மி.மீ. கடைந்து எடுத்ததும் 3 மி.மீ. தான் மிஞ்சும், அகலமோ 14. 12×8 கீக்கு 12 அகலமும் 5 ஆழமும் வேண்டும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கீவே வெட்டினால் டிரைவ் முனையிலேயே ஷாஃப்ட் பலவீனமாகும். அந்த இரண்டையும் 310977 என்று டேக் கட்டி அடுத்த 45 ஆர்டருக்கு ஸ்டோரில் வையுங்கள். பழைய ஆர்டருக்குப் புதிதாக 40-இல் கடைந்துகொள்ளுங்கள். ஸ்டாண்டு பிளேட்டைத் திருத்தி 209-ஐ உட்கார வைக்கலாமா என்ற யோசனை வேண்டாம். புதுத் துளை பழையதிலிருந்து பக்கத்துக்கு 4.5 மி.மீ. தள்ளி விழுவதால் இரண்டும் கலந்து நீள்துளையாகிவிடும், மையமும் 4.8 மி.மீ. ஏறி, எண்ட் பிளேட் துளையில் ஷாஃப்ட் உரசும்.